பேப்பர் கீழே இறங்கும் வரை

"நீ நல்லாப் படிப்ப மக்களே, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா இன்னொருத்தர் முடிக்கிற வரைக்கும் நிக்கிற பொறுமை உனக்குக் கிடையாது. இனிமே வருமான்னும் எனக்குத் தெரியல."

ஒன்பதாம் வகுப்பில், வராந்தாவில் நிற்க வைத்து சிஸ்டர் என்னிடம் சொன்னது இது. திட்டவில்லை. ரேஷன் கடையில் சர்க்கரை இன்னும் வரவில்லை என்று சொல்வதைப் போல, உள்ளதைச் சொன்னார். எனக்குக் காதுவரை கோபம் ஏறியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்கு வெளியே தள்ளுவண்டியில் இட்லி விற்றார்கள். 'உனக்கு வராது' என்று யாராவது சொன்னால், அதை வரவழைத்துக் காட்டாமல் நான் தூங்கியதில்லை. ஆங்கிலம் வராது என்றார்கள், வந்தது. கணக்கு வராது என்றார்கள், வகுப்பிலேயே முதலாக வந்தது. பொறுமையை எப்படிப் படித்து வரவழைப்பது என்றுதான் தெரியவில்லை.

சிஸ்டரின் பெயரை இங்கே எழுதவில்லை. தன் பெயர் எங்கேயாவது வந்தால் முகம் சுருங்கிப் போகிறவர் அவர். நாகர்கோவில் பக்கம். எங்களுக்குக் கணக்கு எடுத்தார். பெரியவர் சின்னவர் யாராக இருந்தாலும், ஒருத்தராக இருந்தாலும் கூட்டமாக இருந்தாலும், அவருக்கு "மக்களே"தான். ஸ்கூல் பஸ் டிரைவரைக்கூட ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டுவிட்டார். அந்த அண்ணன் அன்று முழுக்க ஹார்ன் அடிக்காமல் வண்டி ஓட்டினார் என்று பஸ்ஸில் வரும் பெண்கள் சொன்னார்கள்.

அவரை நல்ல டீச்சர் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு வருடம்கூட அவர் போர்ஷன் முடித்ததாகச் சரித்திரம் இல்லை. காரணம் ஒன்றுதான். யாராவது பேசத் தொடங்கினால் அவர்கள் முடிக்கும்வரை அவர் நிற்பார். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பார். பதில் வராவிட்டாலும் நிற்பார். பக்கத்துப் பெண் விடையைக் கிசுகிசுத்தால் அவளைப் பார்த்து விரலை உதட்டில் வைப்பார். "பொறு. வருது, வருது." எங்களுக்கு எதுவும் வருகிற மாதிரி தெரியாது. மின்விசிறி சுற்றும். வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் போகும். நாங்கள் மூடின ரயில்வே கேட்டுக்கு முன்னால் நிற்கும் ஸ்கூட்டர்க்காரர்களைப் போல உட்கார்ந்திருப்போம். அதனால் அவருக்குப் பள்ளி வைத்த பெயர் 'கேட்'.

"அடுத்த பீரியட் யாருடி?"

"கேட்."

"செத்தோம். குட்டித் தூக்கம் போடலாம்."

என் அம்மாவுக்கு மட்டும் அவர் மேல் அப்படி ஒரு பிரியம். ஆறாம் வகுப்பில் என்னைச் சேர்க்க அம்மா அந்தப் பள்ளிக்கு வந்த நாளில் ஆபீஸ் ஜன்னலில் இருந்தவர், அம்மா வாயைத் திறப்பதற்குள், "அட்மிஷன் முடிஞ்சிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டார். அம்மா திரும்பி வாசல் பக்கம் நடந்தபோது சிஸ்டர் எதிரில் வந்தார். என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு நின்றார். அம்மாவுக்கு அந்த மாதிரிக் கட்டடத்துக்குள் நின்று பேசிப் பழக்கம் இல்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் சொல்ல வாயெடுத்தபோது சிஸ்டர் என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். அம்மா கடைசியில் பேசினாள். எல்லாவற்றையும் பேசினாள். அரிசி ஊறவைப்பது, விடிவதற்குள் வண்டி தள்ளுவது, கணக்கு போடத் தெரியாமல் சில்லறையில் ஏமாந்தது, இந்தப் பெண்ணாவது ஏமாறக் கூடாது என்பது. எனக்கு இடம் கிடைத்தது.

"அந்தம்மா முன்னாடி நின்னா மன்சுல கீறதெல்லாம் தானா வாய்க்கு வந்துடுதுடி," என்பாள் அம்மா. "ஒண்ணுமே கேக்கல. சும்மா நின்னுகினு இருந்தாங்க, அவ்ளோதான்."

இதே நிற்பதுதான் ஒன்பதாம் வகுப்பில் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

எங்கள் வகுப்பில் வைஷ்ணவி இருந்தாள். சிட்லப்பாக்கத்தில் வீடு, அப்பா பேங்க்கில் வேலை. பிறக்கும்போதே மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறைந்ததில் அவளுக்குக் கைகால் விறைப்பு. நடை தள்ளாடும். பேச்சு ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளியோடு வரும். மூளை மட்டும் எங்கள் எல்லோரையும்விட வேகம். அவள் ஒரு கிண்டலைத் தொடங்கினால் அது முடிவதற்குள் நாம் வேறு விஷயத்துக்குப் போயிருப்போம். முடிந்த பிறகு திரும்பி வந்து சிரிக்க வேண்டும். எனக்கு ராக்கெட் என்று பேர் வைத்தது அவள்தான். "நீ... ஓடு... ராக்கெட். நான்... அடுத்த... பஸ்ல... வரேன்."

மற்ற டீச்சர்கள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது வைஷ்ணவியின் பெயர் வந்தால் நிமிர்ந்து பார்த்து, டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்கள். சிஸ்டர் போக மாட்டார். அவள் "பிரசண்ட் சிஸ்டர்" என்று முழுதாகச் சொல்லும்வரை பேனாவைத் தூக்கிப் பிடித்திருப்பார். ஒரு நாள் வைஷ்ணவியே, "பாத்தா... தெரியல... சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"தெரியுது மக்களே. ஆனா நீ இருக்கேன்னு நீதான சொல்லணும்? நான் எப்படிச் சொல்ல?"

அது அழகான பதில் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குக் கடிகாரம்தான் தெரிந்தது.

முக்கோணவியல் தொடங்க வேண்டிய மாதத்தில் நாங்கள் இன்னும் இயற்கணிதத்தில் நின்றுகொண்டிருந்தோம். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் சேலையூரிலும் கேம்ப் ரோட்டிலும் ட்யூஷன். அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. சிஸ்டர் நின்றால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு ஆகும். அதனால் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவர் பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

"சிஸ்டர், வைஷ்ணவிக்கு வீட்டுக்கே ட்யூஷன் மிஸ் வராங்க. மத்தவங்களுக்கும் ட்யூஷன் இருக்கு. எனக்கு உங்க பீரியட் மட்டும்தான் இருக்கு. அதையும் நீங்க நின்னே முடிச்சிடுறீங்க."

இதைச் சொன்னதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. உண்மையைத்தான் சொன்னேன். அந்தப் பள்ளியில் எல்லோரையும் சேர்த்துக்கொள்வது என்று பேசுவார்கள், சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார்கள். ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளும்போது அதற்கான நேரம் எங்கேயிருந்து எடுக்கப்படுகிறது என்று யாரும் பேசவில்லை. என் போன்றவளிடமிருந்துதான் எடுக்கப்பட்டது.

சிஸ்டர் வழக்கம்போல நான் முடிக்கும்வரை நின்றார். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னார், எனக்குப் பொறுமை இல்லை என்று. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆனா நீ சொன்னது சரிதான் மக்களே. நாளைக்குக் காலைல சீக்கிரம் வா."

மறுநாளிலிருந்து காலை ஜெபத்துக்கு முன்னால் எங்கள் வகுப்பறை திறந்திருந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம், நான் மட்டும்தான் போனேன். சிஸ்டர் பலகையில் இரண்டு கணக்கைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்காருவார். உட்கார்ந்த வேகத்தில் தூங்கிப் போவார். மடத்தில் விடியலுக்கு முன்பே ஜெபம், அதற்குப் பிறகு கோவில் வேலை, ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு. அவர் கால் இரண்டும் சாயங்காலத்துக்குள் வீங்கிவிடும், நரம்பு முடிச்சு முடிச்சாகத் தெரியும். நான் கணக்கைப் போட்டுவிட்டு அவராக எழுந்திருக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பேன். எழுப்ப மனசு வராது. முக்கோணவியலைப் பாதிக்கு மேல் நானேதான் கற்றுக்கொண்டேன்.

அந்தக் காலை வேளை ஒன்றில்தான் கேட்டேன். "உங்களுக்கு எரிச்சலே வராதா சிஸ்டர்?"

"ஏன் வராது? நல்லா வரும்."

"தெரியவே இல்லையே."

இடுப்பில் தொங்கிய ஜெபமாலையை எடுத்துக் காட்டினார். ஒரு மணி இரண்டாகப் பிளந்திருந்தது. "நீங்க ஒவ்வொருத்தரும் யோசிக்கிற நேரத்துல இதைத்தான் பிடிச்சு நெரிச்சிட்டு நிக்கேன். மாதா மன்னிக்கட்டு."

அதுவரை பொறுமை அவருக்குக் கூடப் பிறந்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. அவர் தினமும் அதைப் பிழிந்து பிழிந்து எடுத்துக்கொண்டிருந்தார். அது தெரிந்த பிறகு எனக்கு அவர் மேல் பிரியமும் வந்தது, ஒரு மாதிரி பயமும் வந்தது. இப்படிப் பிழிந்தால் ஒரு ஆளில் எவ்வளவு மிச்சம் இருக்கும்?

கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் மற்ற எங்களுக்கு நீதிபோதனை வகுப்பு. அதையும் சிஸ்டர்தான் எடுத்தார். ஒரு நாள் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "சிஸ்டர், நாங்கல்லாம் ஞானஸ்நானம் வாங்கல. அப்ப எங்களுக்கு மோட்சம் கிடையாதா?" சிஸ்டர் யோசித்தார். மணி அடித்துவிட்டது. அவர் யோசித்தபடியே போய்விட்டார். அடுத்த வாரம் வந்ததும் முதல் வேலையாக அவளை எழுப்பினார்.

"நீ கேட்டதை யோசிச்சேன் மக்களே. புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு சொல்லிரலாம், அது சுலபம். ஆனா எனக்கு என்ன தோணுதுன்னா, நான் போனா வாசல்லயே நிப்பேன். நீங்க எல்லாரும் வந்த பிறகு உள்ள போறேன்னு சொல்லிருவேன்."

"அங்கேயும் நிக்கப் போறீங்களா சிஸ்டர்?" என்றாள் அவள். வகுப்பு கூரை அதிரச் சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார், கால் வலியோடு மேஜையைப் பிடித்துக்கொண்டு.

அந்த வருடம் பள்ளியின் பாதுகாவலரான புனிதரின் திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, வைஷ்ணவியின் அம்மாவை ஹெச்.எம். சிஸ்டர் கூப்பிட்டுப் பேசினார். ஒன்பதாவது முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள், பத்தாவது பொதுத் தேர்வை இங்கே வைத்து எழுத வைப்பது கஷ்டம் என்று. ஹெச்.எம். சிஸ்டர் கெட்டவர் இல்லை. ரிசல்ட் குறைந்தால் பெற்றோர் சங்கம் அவரைத்தான் கேட்கும். அவரும் களைத்துப்போன ஒரு பெண்மணிதான், வேறு விதத்தில். வைஷ்ணவியின் அம்மா ஸ்கூட்டர் பக்கத்தில் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நின்று அழுததை நாங்கள் மாடியிலிருந்து பார்த்தோம். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அழுதார்.

வைஷ்ணவி என்னிடம், "வேற... ஸ்கூல்ல... என்... பேரைக்... கேட்டா... நான்... சொல்றதுக்குள்ள... லஞ்ச்... வந்துடும்," என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

சிஸ்டர் மடத்துக்குள் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார், தோற்றிருக்கிறார். கீழ்ப்படிவோம் என்று வார்த்தை கொடுத்து வந்தவர்கள் அவர்கள். மூத்தவர் முடிவெடுத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை. அவர் கையில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். திருவிழாவன்று நடக்கும் திருப்பலிப் பூசையில் யார் யார் மன்றாட்டு வாசிப்பது என்று முடிவு செய்கிற பொறுப்பு. கடைசி மன்றாட்டுக்கு வைஷ்ணவியைப் போட்டார்.

மன்றாட்டு என்பது இப்படி. மைக் முன்னால் ஒரு பிள்ளை வந்து ஒரு வேண்டுதலை வாசிக்கும். வாசித்து முடித்ததும் மொத்தக் கூட்டமும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்ல வேண்டும். கடைசி வேண்டுதல் முடிந்ததும் ஃபாதர் ஒரு ஜெபம் சொல்லி முடிப்பார், எல்லோரும் "ஆமென்" சொல்வோம். கத்தோலிக்கர் இல்லாத எங்களுக்கும் இதெல்லாம் மனப்பாடம். மனப்பாடம் என்பதுதான் பிரச்சினை. யாரும் வார்த்தையைக் கேட்பதில்லை. வாசிக்கிற குரல் நின்றால் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பழக்கம்.

முதல் ஒத்திகையில் வைஷ்ணவி, "எங்கள்..." என்றாள்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்றது மொத்தப் பள்ளியும்.

"ஆசிரியர்களுக்காக..."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. வைஷ்ணவியே மைக்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். "இன்னும்... ஒண்ணுமே... கேக்கலடி," என்றாள், அதற்கும் நடுவில் இரண்டு தடவை கேட்டருளும் விழுந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஆளை மாற்றியிருப்பார்கள், அல்லது வரியைக் குறைத்திருப்பார்கள். சிஸ்டர் பள்ளியை மாற்றத் தொடங்கினார். மேடையில் ஏறி, "இனிமே குரலை நம்பாதீங்க மக்களே. பேப்பரைப் பாருங்க. வாசிக்கிறவ பேப்பரைக் கீழே இறக்கினாதான் நீங்க வாயைத் திறக்கணும். அதுவரைக்கும் கோவிலே இடிஞ்சாலும் மூச்," என்றார். சாயங்காலம் பஸ் கிளம்பும் முன் தினமும் ஒத்திகை. பேப்பர் இறங்கும் முன் ஒரே ஒரு குரல் வந்தாலும் முதலிலிருந்து. ஆறாம் வகுப்புக் குட்டிகள் அழுதார்கள். பஸ்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். "எங்க சாவுக்குத்தான்டி இந்தக் கேட்," என்று என் பக்கத்தில் இருந்தவள் பல்லைக் கடித்தாள். எனக்கும் அந்த எரிச்சல் இருந்தது. ஆனால் கடைசியில் ஹாலில் ஒரு அமைதி வந்தது. மொத்தப் பள்ளியும் ஒரு பேப்பரைப் பார்த்துக்கொண்டு மூச்சடக்கி நிற்கும் அமைதி. வைஷ்ணவியின் சொற்கள் அதற்குள் ஒவ்வொன்றாக விழுந்தன. முதல்முறையாக அவள் சொல்வதை நாங்கள் முழுக்கக் கேட்டோம்.

திருவிழா அன்று மடங்களுக்கெல்லாம் தலைவியான புரொவின்ஷியல் மதர் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹெச்.எம். சிஸ்டர். மேடையில் பீடம் அமைத்து ஃபாதர் திருப்பலி வைத்தார். எங்கள் சிஸ்டர் பக்கவாட்டில் தூணோரம் நின்றார். நாற்காலி இருந்தும்.

கடைசியாக வைஷ்ணவி போனாள். மைக் வரை அவளைக் கூட்டிப்போய் விடுவது என் வேலை. விட்டுவிட்டு இரண்டடி பின்னால் நின்றேன்.

ஆசிரியர்களுக்கான வேண்டுதலை அவள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். நல்ல உடல்நலம், மன அமைதி. "உம்மை... மன்றாடுகிறோம்" என்பதோடு அச்சடித்த வரி முடிந்தது. பேப்பர் இறங்கவில்லை. ஹாலில் ஒரு சத்தம் இல்லை.

ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார். பதில் வரவில்லை. பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். புன்சிரிப்போடு கைகளை விரித்து முடிவு ஜெபத்தைத் தொடங்கினார். சொல்லி முடித்தார். "எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக."

ஆமென் வரவில்லை.

முன் வரிசையிலிருந்து மெலிதாக நாலைந்து ஆமென் எழுந்து, தனியாக நிற்பது தெரிந்ததும் அடங்கிவிட்டது. மொத்தப் பள்ளியும் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபாதர் விரித்த கைகளோடு நின்றார். இவள் மறந்துவிட்டாள், பேப்பரை இறக்க மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். வைஷ்ணவி முழங்கையால் என்னை இடித்துத் தள்ளினாள்.

"அப்புறம்..." என்றாள் மைக்கில். "பத்தாவதும்... நான்... இங்கயே... என்... ஃப்ரெண்ட்ஸோட... படிக்கணும்."

பேப்பரைக் கீழே இறக்கினாள்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அதுவரை அப்படி ஒரு சத்தத்தை அந்த ஹாலில் நான் கேட்டதில்லை. பழக்கத்தில் சொன்னார்களா, புரிந்து சொன்னார்களா என்று இன்று யாரைக் கேட்டாலும் புரிந்துதான் சொன்னோம் என்பார்கள். நான் சொன்னது புரிந்து சொன்னது. சாமியே கும்பிடாத என் பெஞ்ச் தோழி கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். நான் தூணோரம் பார்த்தேன். சிஸ்டரின் உதடு அசையவில்லை. அங்கே பதில் சொல்லாத ஒரே ஆள் அவர்தான். இரண்டு நாள் கழித்து அதைப் பற்றிக் கேட்டதற்கு, "எனக்கு வாய் வரல மக்களே," என்றார்.

திருப்பலி முடிந்ததும் ஹெச்.எம். சிஸ்டர் எங்கள் இருவரையும் ஆபீஸ் வாசலில் நிறுத்தினார். எங்கள் சிஸ்டரும் பின்னால் நின்றார்.

"இதைச் சொல்லச் சொல்லி உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

வைஷ்ணவி வாயைத் திறந்தாள். படபடப்பில் அவளுக்குச் சொல் இன்னும் மெதுவாகத்தான் வரும். "யா..." என்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. "யா..."

"சிஸ்டருக்குத் தெரியாது சிஸ்டர்," என்றேன் நான்.

"உன்னைக் கேக்கல."

வைஷ்ணவி மறுபடி முயன்றாள். ஹெச்.எம். சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே விருந்தினர்கள் காத்திருந்தார்கள். "சரி சரி, போ. எனக்குத் தெரியும் யார்னு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். யாரும் சொல்லித் தரவில்லை, சிஸ்டரிடம் சொன்னால் வேண்டாம் என்று தடுத்திருப்பார் என்றுதான் சொல்லவில்லை. இதை வைஷ்ணவி சொல்லி முடித்தபோது எங்கள் முன்னால் மூடின கதவுதான் இருந்தது. சிஸ்டர் மட்டும் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி மக்களே, போய்ச் சாப்பிடுங்க. பிரியாணி ஆறிரும்," என்றார். தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அவர் அந்தக் கதவைத் தட்டவில்லை. எனக்கு அது பெருந்தன்மையாகப் படவில்லை. இன்றைக்கும் படவில்லை. மற்றவர்களுக்காக அவ்வளவு நேரம் நின்றவர், தனக்காக ஒரு நிமிடம் நின்றிருக்கலாம்.

புரொவின்ஷியல் மதர், அந்தப் பிள்ளை இங்கேயே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மே மாத விடுமுறையில் சிஸ்டருக்கு மாற்றல் வந்தது. சிஸ்டர்களுக்கு மே மாதத்தில் மாற்றல் வருவது சாதாரணம்தான், அதனால் இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். ஜூனில் நாங்கள் திரும்பி வந்தபோது அவர் இல்லை. வடக்கே எங்கேயோ, மொழி தெரியாத ஊரில், முதியோர் இல்லத்தில் போட்டிருக்கிறார்கள் என்று ஹாஸ்டல் ஆயா சொன்னார். அங்கேயும் "மக்களே" என்றுதான் கூப்பிடுவாராக இருக்கும். யாருக்கும் புரியாது.

வைஷ்ணவி இருந்தாள். சிஸ்டர் போனார். நாங்கள் கேட்ட மன்றாட்டு அப்படித்தான் கேட்கப்பட்டது.

எனக்கும் நான் கேட்டது கிடைத்தது. பத்தாவதில் புதிதாக வந்த கணக்கு மிஸ் தீபாவளிக்கு முன்பே போர்ஷனை முடித்தார். அவர் யாருக்காகவும் நிற்கவில்லை. நான் சென்டம் வாங்கினேன். எங்கள் தள்ளுவண்டியில் அன்று வந்தவர்களுக்கெல்லாம் அப்பா கேசரி கொடுத்தார். வைஷ்ணவி பாஸ் மார்க் எல்லையைத் தொட்டுப் பாஸானாள். வகுப்பில் அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டிருந்தாள். கேட்டு முடிப்பதற்குள் மிஸ் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அட்டெண்டன்ஸில் அவள் பெயருக்கு நேரே டிக் விழுந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பி.எஸ்ஸி., பி.எட். எல்லாம் முடித்தேன். குரோம்பேட்டையில் ஒரு கோச்சிங் சென்டரில் வேலை. ஏ.சி. அறை, பெரிய திரை, கழுத்தில் மாட்டும் மைக். ஒரு கணக்குக்கு அரை நிமிடம், தெரியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்தது. நான் அங்கே நல்ல பெயர் எடுத்தேன். எடுக்காமல் எப்படி, ஓடுவதுதானே எனக்குக் கைவந்தது. சாயங்காலம் முடியும்போது தொண்டை வறண்டு, யார் முகமும் நினைவில் இல்லாமல் மின்சார ரயிலில் ஏறுவேன். இரண்டு வருடத்தில், என் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி நான் கேட்டதாக நினைவில்லை.

வைஷ்ணவி இப்போது வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கணக்கு பார்க்கிறாள். வாட்ஸ்அப்பில் என்னைவிட வேகம். 'இன்னும் ஓடிட்டு இருக்கியா? எங்கடி போற?' என்று ஒரு நாள் அனுப்பினாள். நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோதே, 'டைப்பிங்னு காட்டிட்டே இருக்கு, எவ்வளவு நேரம்டி' என்று அடுத்தது வந்தது. ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளியில், தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கான அறைக்கு ஆள் கிடைக்காமல் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னதும் அவள்தான்.

அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "இன்னாடி இது? ஏ.சி. ரூம்ல நின்னுகினு ஜோரா பாடம் சொல்லிக்கினு இருந்தே. அத்த வுட்டுட்டு கம்மி சம்பளத்துக்குப் போறேன்ற. இதுக்கா நாங்க மாவாட்டினோம்?"

"இதுக்கும் சேத்துதாம்மா."

"உனக்கு அந்த வேல ஒத்து வருமா? சோறு வேக நாலு நிமிசம் லேட்டானா கத்துவியே."

"தெரியல."

மறுநாள் அம்மா என் டிபன் டப்பாவைப் பெரியதாக மாற்றியிருந்தாள்.

ஊரப்பாக்கம் பள்ளியில் சேர்ந்து மூன்றாவது வாரம் ஆகிறது. சிறப்புக் கல்விக்கான படிப்பிலும் சேர்ந்துவிட்டேன். அறையில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் கீச்சிடுகிறது. இன்று கடைசிப் பீரியடில் பலகையில் ஒரு கூட்டல் கணக்கை எழுதினேன். ஒரு பெண் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கினாள். ஒன்றாம் இடத்தைப் போட்டாள். பத்தாம் இடத்துக்கு வரும்போது பள்ளி விடுகிற மணி அடித்துவிட்டது, வேன் வந்துவிட்டது. அவளை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது எனக்குக் கால் இரண்டும் கடுத்தன. பாதிக் கணக்கோடு பலகையை அப்படியே விட்டு, பெருக்க வந்த அக்காவிடம் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.